படிப்பு வட்டமும் பேரேடும்: அன்ரிகொனிஷ் இயக்கத்திற் கடன் கூட்டுறவு ஆளுகைக் கல்வி

1

கடன் கூட்டுறவின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் இருவகைச் சான்றுகளையே முதன்மைப்படுத்தியுள்ளனர். ஒன்று சட்டங்கள், மற்றையது தொகைகள். எந்த ஆண்டில் எந்தச் சட்டம் நிறைவேறியது, எத்தனை சங்கங்கள் பதிவாயின, எவ்வளவு பணம் சேர்ந்தது, எவ்வளவு கடனாக வழங்கப்பட்டது என்பனவே அவர்கள் எழுப்பிய வினாக்கள். இவை வேண்டாத வினாக்களல்ல. ஆயின் இவற்றுக்கு அடியில் வேறொரு வினா உண்டு. கூலிக்கு உழைப்பவரும் சிறு மீனவரும் தாம் சேமித்த பணத்தைத் தாமே ஆள்வதற்கு வேண்டிய அறிவை எங்கே, எவரிடம், எப்பொழுது பெற்றனர்? இவ்வினாவை வரலாற்றடிப்படையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எமது ஊர்களில் இத்தகைய சங்கங்கள் முன்னர் ஐக்கிய நாணய சங்கங்கள் என வழங்கப்பட்டன. நாணயம் என்னுஞ் சொல் காசையும் குறிக்கும். கொடுத்த வாக்குத் தவறாத நேர்மையையும் குறிக்கும். கடன் என்னுஞ் சொல்லோ பழந்தமிழிற் கடமையைக் குறித்து நின்றது. பொருளியல் உறவொன்று அறவுறவின் மொழியிலே பேசப்படுவதற்கு இச்சொற்கள் சான்று பகர்கின்றன. எனினும் நேர்மை மாத்திரம் ஒரு சங்கத்தை ஆளப் போதுமானதன்று. நாணயமான உறுப்பினர் நூறு பேர் இருந்தும் ஐந்தொகையை வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரே இருப்பின், அச்சங்கத்தின் உண்மையான ஆட்சி அவ்வொருவரிடமே இருக்கும். ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற விதி ஏட்டில் எழுதப்பட்டிருப்பினும், கணக்கை அறிந்தவரின் வாக்கே பயன்தரு வாக்காக அமையும். ஆகவே ஆளுகைக் கல்வி என்பது கூட்டுறவின் புறத்தே ஒட்டப்பட்ட அணிகலனன்று. உடைமை எவரிடம் உள்ளது என்ற வினாவுக்கு நடைமுறையில் விடை தீர்மானிக்கப்படும் களம் அதுவேயாகும்.

இவ்வுண்மையை மிகத் தெளிவாகக் காட்டும் வரலாற்று நிகழ்வுகளுள் ஒன்று, கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் 1920களிலும் 1930களிலும் எழுந்த அன்ரிகொனிஷ் இயக்கமாகும். அங்கே சங்கத்துக்கு முன்னர் படிப்பு நடைபெற்றது. அவ்வியக்கத்தின் சாதனையும் எல்லையும் அப்படிப்பிலேயே அடங்கியிருந்தன என்பதும், அவ்வியக்கத்தில் உருவான ஒருவர் பிற்காலத்தில் எமது நாட்டின் கூட்டுறவு வரலாற்றுடன் நேரடியாகத் தொடர்புற்றார் என்பதும் ஈண்டு எடுத்துக்காட்டப்படும்.

2

இயக்கங்களை அவற்றின் தலைவர்களின் உள்ளத்திலிருந்து விளக்க முயல்வது கருத்துமுதல்வாத வரலாற்றெழுத்தின் பழக்கம். அன்ரிகொனிஷ் இயக்கத்தையும் சில கத்தோலிக்கக் குருமாரின் அருட்கொடையாக வருணிப்போர் உளர். அவர்களின் பங்கு பெரிது. ஆயின் அப்பங்கு எத்தகைய சமூக நிலைமையில் இயன்றதாயிற்று என்பதை முதலில் நோக்குதல் வேண்டும்.

கிழக்கு நோவா ஸ்கோஷியாவிலும் கேப் பிரெற்றன் தீவிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூவகை உழைப்பாளர் வாழ்ந்தனர்: சிறு விவசாயிகள், கரையோர மீனவர்கள், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர். மீனவருக்கு வலையும் உப்பும் மாவும் முற்பணமாகக் கொடுத்த வணிகரே, பருவமுடிவில் அவர்தம் மீனுக்கு விலை வைப்பவராகவும் இருந்தார். ஜேர்சித் தீவைச் சேர்ந்த றொபின் கம்பனி போன்ற நிறுவனங்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டே அக்கரைகளில் இம்முறையை நடத்திவந்தன. காசு கைமாறாமலே ஆண்டுகள் கழிந்தன; கடன் மாத்திரம் ஏட்டில் நிலைத்தது. எமது கரையோரங்களின் சம்மாட்டி முறையை அறிந்தோர்க்கு இதில் விளங்காதது எதுவுமில்லை. கணக்கு ஏடு வணிகரின் மேசையில் இருந்தது என்பதே இவ்வுறவின் சாரம்.

சுரங்கப் பகுதியில் இவ்வுறவு மேலும் வெளிப்படையாக இருந்தது. தொழிலாளர் கம்பனி வீட்டிற் குடியிருந்து, கம்பனிக் கடையிற் கடனுக்குப் பொருள் வாங்கினர். அக்கடன் கூலியிலிருந்து கழிக்கப்பட்டது. உரித்தெடுக்கும் கடை என்ற பொருள்படத் தொழிலாளர் அதற்குப் பட்டப்பெயர் சூட்டியிருந்தனர். 1920களின் தொடக்கத்திற் சுரங்கங்களும் உருக்காலையும் பிரித்தானிய எம்பயர் உருக்குக் கூட்டுத்தாபனத்தின் கீழ் ஒன்றிணைக்கப்பட்டன. தொடர்ந்து கூலிக்குறைப்பும் வேலைநிறுத்தமும் மாறி மாறி நிகழ்ந்தன. 1923இல் தொழிற்சங்கத் தலைவரும் கம்யூனிஸ்டுமான ஜே. பி. மக்லாக்லன் இராசத்துரோக அவதூறுக் குற்றச்சாட்டிற் சிறைத்தண்டனை பெற்றார். 1925 மார்ச் மாதத்திற் கம்பனி தன் கடைகளிற் கடன் கொடுப்பதை நிறுத்தியது. சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவ்வாண்டு யூன் 11ஆந் திகதி, நியூ வோட்டர்போட் நகருக்கு அண்மையிற் கம்பனிப் பொலிசார் சுட்டதில் வில்லியம் டேவிஸ் என்னுஞ் சுரங்கத் தொழிலாளி உயிரிழந்தார். அதன் பின்னர் கம்பனிக் கடைகள் சூறையாடப்பட்டன. அவை மீளத் திறக்கப்படவில்லை. கடன் என்பது வெறும் பொருளியற் கருவியன்று, வர்க்க ஆதிக்கத்தின் கருவி என்பதை அத்தொழிலாளர் நூலிற் படித்தறியவில்லை, பட்டறிந்தனர்.

கூட்டுறவும் அவர்களுக்கு முற்றிலும் புதியதன்று. பிரித்தானியாவிலிருந்து குடியேறிய தொழிலாளர் 1906இல் சிட்னி மைன்ஸ் நகரில் றொச்டேல் முறையிலமைந்த நுகர்வோர் சங்கமொன்றை நிறுவி வெற்றிகரமாக நடத்திவந்தனர். எனவே பின்வந்த இயக்கம் வெற்று நிலத்தில் விதைக்கப்பட்டதன்று. போராட்ட அனுபவமும் அமைப்பு அனுபவமும் உடைய ஒரு மக்கட்கூட்டத்தின் நடுவிலேயே அது வேரூன்றியது.

3

அன்ரிகொனிஷ் நகரிலுள்ள புனித பிரான்சிஸ் சேவியர் பல்கலைக்கழகம் ஒரு சிறிய கத்தோலிக்க உயர்கல்வி நிலையம். அதன் துணைத் தலைவராக இருந்த ஜேம்ஸ் ரொம்ப்கின்ஸ் அடிகளார் 1921இல் 'மக்களுக்கான அறிவு' என்ற பொருளுடைய தலைப்பில் ஒரு சிறுநூலை வெளியிட்டார். பல்கலைக்கழகம் தன் வாயிலுக்கு வரக்கூடியோருக்கு மாத்திரம் உரியதன்று, அது மக்களிடம் செல்லுதல் வேண்டும் என்பது அதன் வாதம். அதே ஆண்டில் மக்கள் பாடசாலை என்ற பெயரிற் குறுகிய காலப் படிப்பொன்று நடைபெற்றது. ஏறத்தாழ ஐம்பது பேர் வந்து கற்றனர். முன்தகைமை எதுவுங் கோரப்படவில்லை.

மாகாணத்தின் பல்கலைக்கழகங்களை ஹலிபாக்ஸில் ஒன்றிணைக்கும் திட்டத்தை ஆதரித்தமையால் ரொம்ப்கின்ஸ் அடிகளார் தம் ஆயரின் அதிருப்திக்கு ஆளாகி, கான்சோ என்னும் வறிய மீனவர் பங்குக்கு மாற்றப்பட்டார். தண்டனையாகக் கிடைத்த அவ்விடமாற்றமே அவரது சிந்தனையை மண்ணுக்குக் கொணர்ந்தது. 1927 யூலை 1ஆந் திகதி, கனடியக் கூட்டாட்சியின் அறுபதாண்டு நிறைவு கொண்டாடப்பட்ட நாளில், கான்சோ மீனவர் தமக்குக் கொண்டாட எதுவுமில்லை எனக் கூடிக் கிளர்ந்தனர். அதன் விளைவாக மீன்பிடித் தொழிலை ஆராய அரச ஆணைக்குழுவொன்று நியமிக்கப்பட்டது. 1928இல் பல்கலைக்கழகம் விரிவாக்கத் துறையொன்றை நிறுவி, ரொம்ப்கின்ஸின் உறவினரான மோசஸ் கோடி அடிகளாரை அதன் பணிப்பாளராக நியமித்தது. 1930இல் ஏ. பி. மக்டொனால்ட் அவருக்கு உதவியாளராக வந்து சேர்ந்த பின்னர் களவேலை முழு வீச்சில் ஆரம்பமாயிற்று.

விரிவாக்கத் துறையின் முறை எளிமையானது. முதலில் ஊரிற் பொதுக்கூட்டம். அங்கு மக்களின் நிலைமை ஒளிவு மறைவின்றிப் பேசப்படும். அடுத்து அயலவர் எண்மர் பதின்மர் கொண்ட படிப்பு வட்டங்கள். அவை அடுக்களைகளிலும் மண்டபங்களிலும் வாரந்தோறும் இரவில், வேலை முடிந்தபின் கூடின. ஆசிரியர் என்று எவரும் இல்லை. தம்முள் ஒருவரையே வட்டத் தலைவராகத் தெரிந்தனர். வாசிக்கத் தெரிந்தவர் சிறுநூலை உரத்து வாசிக்க, மற்றையோர் அதனைத் தம் அனுபவத்தோடு ஒப்பிட்டு விவாதித்தனர். ஒரு பகுதியின் வட்டங்கள் யாவும் இடையிடையே ஒன்றுகூடித் தாம் அறிந்ததைப் பகிர்ந்தன. படிப்பின் முடிவிற் பரீட்சையில்லை. படித்ததன் பயனாக ஏதேனும் ஒரு கூட்டு நடவடிக்கை தோன்றுதல் வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. அந்நடவடிக்கையாகப் பெரும்பாலும் அமைந்தது கடன் கூட்டுறவுச் சங்கமேயாகும். ஏனெனில் அதற்கு முதலீடாக வேண்டியது உறுப்பினரின் சில்லறைக் காசும் ஒருவர்மீது ஒருவருக்குள்ள அறிதலுமே.

4

இக்கடன் கூட்டுறவு நோவா ஸ்கோஷியாவுக்கு வந்த வழி எமக்கு ஆர்வமூட்டுவது. ஜேர்மனியில் 1860களில் றைபைசன் அமைத்த கிராமியக் கடன் சங்கங்களை ஆராய்ந்தவர்களுள் சென்னை மாகாண அதிகாரியாகிய பிரெடரிக் நிக்கல்சன் ஒருவர். 1895இலும் 1897இலும் இரு தொகுதிகளாக வெளிவந்த அவரது அறிக்கையில், சென்னை மாகாணத்தின் நிதிகளும் ஆராயப்பட்டிருந்தன. அவ்வறிக்கை வழிவகுத்த சிந்தனையின் பயனாக 1904இல் இந்தியக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் நிறைவேறிற்று. 1907இல் இந்தியாவுக்கு வந்த பொஸ்ரன் வணிகர் எட்வேட் பிலீன், வங்காளக் கிராமங்களில் இச்சங்கங்களை நேரிற் கண்டார். 1909இல் மசசூசெற்ஸ் மாநிலம் கடன் கூட்டுறவுச் சட்டத்தை இயற்றியபோது அதற்கு ஆதரவளித்தோருள் அவரும் ஒருவர். கியூபெக்கின் லெவி நகரில் 1900இல் சங்கம் அமைத்த அல்போன்ஸ் டெஜார்டினின் அனுபவமும் அச்சட்டத்துக்குத் துணையாயிற்று. லெவியின் முதல் வைப்பு 10 சதம்; முதல் நாளிற் சேர்ந்த மொத்தம் 26 டொலர் 40 சதம். பிலீனின் பொருளுதவியோடு அமெரிக்காவெங்கும் கடன் கூட்டுறவைப் பரப்பிய றோய் பேர்கன்கிறென், நோவா ஸ்கோஷியாவுக்கு வந்து சட்ட வரைவுக்கு உதவினார். 1932இல் அம்மாகாணச் சட்டம் நிறைவேறியது. தொடர்ந்து புறோட் கோவ் என்னுங் கிராமத்திலும் றிசேவ் மைன்ஸ் என்னுஞ் சுரங்க ஊரிலும் முதற் சங்கங்கள் தோன்றின.

இச்சங்கத்தின் அமைப்பே ஒரு கல்வித்திட்டமாக இருந்தது. பொதுச்சபையில் ஒருவருக்கு ஒரு வாக்கு. பங்கு எத்தனையாயினும் வாக்கு ஒன்றே. பொதுச்சபை பணிப்பாளர் சபையைத் தெரிவுசெய்யும். கடன் விண்ணப்பங்களைத் தீர்மானிக்கத் தனியொரு கடன் குழு. கணக்குகளையும் மற்றையோரின் செயல்களையும் பரிசோதிக்க வேறொரு மேற்பார்வைக் குழு. ஆதிக்கம் ஓரிடத்தில் திரளாதவாறு அதிகாரம் மூன்றாகப் பிரிக்கப்பட்டமை மனங்கொள்ளத்தக்கது. இம்மூன்று குழுக்களிலும் ஊதியமின்றி அமர வேண்டியோர் சுரங்கத்திலும் கடலிலும் உழைத்தோரே. கூட்டக்குறிப்பு எழுதுதல், பிரேரணை முன்மொழிதல், பேரேட்டிற் பதிதல், வரவு செலவைச் சமப்படுத்தல், அயலவரின் கடன் விண்ணப்பத்தை மறுக்க நேரின் அதனைக் காரணத்தோடு மறுத்தல் ஆகியன அவர்கள் கற்கவேண்டிய பாடங்களாயின. கம்பனிக் கடையிலும் வணிகரின் மேசையிலும் தமக்கு மறைக்கப்பட்டிருந்த ஏட்டை அவர்கள் இப்பொழுது தம் கையால் எழுதினர். ஆளப்பட்டோர் ஆளக் கற்றல் என்பதற்கு இதனினும் திட்டமான வரலாற்றுச் சித்திரம் அரிது.

இவ்விடத்தில் இரு செய்திகளைச் சுட்டுதல் தகும். சுரங்கப் பகுதிக்கென 1932இல் கிளேஸ் பேயில் திறக்கப்பட்ட விரிவாக்க அலுவலகத்துக்குப் பொறுப்பாயிருந்தவர் அலெக்ஸ் மக்கின்ரயர். அவர் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் முன்னாள் தலைவர்களுள் ஒருவர். தொழிற்சங்கப் போராட்டத்திற் பயின்ற ஆற்றலே கூட்டுறவுக் கல்வியின் ஆற்றலாகவும் மாறிற்று என்பது இதனால் தெளிவாகும். மற்றையது பெண்களின் பங்கு. அவ்வலுவலகத்திற் பணியாற்றிய ஐடா கலன்ற், அன்ரிகொனிஷில் பணியாற்றிய அருட்சகோதரி மேரி மைக்கல், சீற்றா ஓஹேர்ன் போன்றோர் சிறுநூல்களைத் தயாரித்தும் வட்டங்களை அமைத்தும் கணக்கேடுகளைக் கற்பித்தும் இயக்கத்தின் அன்றாட இயக்கத்தைத் தாங்கினர். லெவியிலும் டெஜார்டின் தம் தொழில் நிமித்தம் ஒட்டாவாவில் இருந்த காலங்களிற் சங்கத்தை நடத்தியவர் அவர் மனைவி டோரிமென். வரலாற்று நூல்களில் ஆடவர் பெயர்கள் முன்னிற்கின்றன. பேரேடுகளிற் பெண்களின் கையெழுத்து நிற்கின்றது.

1935இல் ரொம்ப்கின்ஸ் அடிகளார் றிசேவ் மைன்ஸின் பங்குக்குருவானார். அங்கே சில சுரங்கத் தொழிலாளர் வீடமைப்புப் பற்றிய படிப்பு வட்டமொன்றை அமைத்தனர். நிலவுரிமை, வட்டிக் கணிப்பு, கட்டட வரைபடம் என ஒவ்வொன்றாகக் கற்று, வீட்டின் மாதிரியைத் தாமே செய்து பார்த்து, நீண்ட படிப்பின் பின்னரே அடித்தளம் இட்டனர். 1938இல் 11 வீடுகள் கொண்ட குடியிருப்பு நிறைவெய்தியது. அதற்கு ரொம்ப்கின்ஸ்வில் எனப் பெயரிட்டனர். 1930களின் முடிவில் கனடாவின் கடலோர மாகாணங்களில் 300க்கு மேற்பட்ட கடன் கூட்டுறவுச் சங்கங்கள் இயங்கின. படிப்பு வட்டங்களிற் பல்லாயிரவர் பங்குபற்றினர். உலக முதலாளித்துவம் தன் ஆழ்ந்த நெருக்கடியில் வங்கிகளை மூடிக்கொண்டிருந்த காலத்தில், அடுக்களைகளிற் படித்தோர் தமக்கென நிதி நிறுவனங்களைத் திறந்தனர் என்பதை எவரும் குறைத்து மதிப்பிடல் இயலாது.

5

எனினும் இயக்கத்தின் எல்லைகளை மறைப்பது அதற்குச் செய்யும் மரியாதையாகாது. 1891இலும் 1931இலும் வெளிவந்த பாப்பரசர்களின் சமூகச் சுற்றுமடல்கள் வகுத்த வரம்புக்குள்ளேயே கோடி அடிகளார் சிந்தித்தார். கம்யூனிசத்துக்கு மாற்றாகவே அவர் தம் இயக்கத்தை முன்வைத்தார். அமெரிக்காவின் கார்னகி நிதியம் விரிவாக்கத் துறைக்கு நன்கொடை வழங்கியது. உருக்கு முதலாளியொருவரின் பெயரால் அமைந்த நிதி, உருக்குக் கம்பனியோடு போராடிய தொழிலாளரின் கல்விக்குப் பயன்பட்டமை வரலாற்றின் நகைமுரண்களுள் ஒன்று. படிப்பு வட்டம் கடையின் கணக்கைத் திறந்தது; சுரங்கத்தின் உடைமையை அது தொடவில்லை. நுகர்வோராகவும் சேமிப்போராகவும் தொழிலாளி ஆளக் கற்றார். உற்பத்தியாளராக அவர் ஆளப்பட்டவராகவே இருந்தார்.

இம்முரண்பாட்டை மார்க்சியச் சிந்தனை முன்னரே கண்டிருந்தது. 1864இல் சர்வதேசத் தொழிலாளர் சங்கத்தின் தொடக்கவுரையில் மார்க்ஸ் கூட்டுறவை உழைப்பின் பொருளியல் பெற்ற பெருவெற்றியாகப் போற்றினார். ஆனால் குறுகிய வட்டத்துள் நிற்கும் கூட்டுறவு ஏகபோகத்தின் வளர்ச்சியைத் தடுக்கமாட்டாது என்றும் அங்கேயே எச்சரித்தார். 1875இல் கோதா வேலைத்திட்டத்தை விமர்சித்தபோது, கூட்டுறவுகள் அரசாங்கத்தினதோ முதலாளிகளினதோ வளர்ப்புப் பிள்ளைகளாக அன்றித் தொழிலாளரின் சுதந்திரமான ஆக்கங்களாக இருக்கும் அளவிலேயே மதிப்புடையன என்றார். 1923இல் கூட்டுறவு பற்றி எழுதிய லெனின், குடியானவர் அனைவரும் உணர்வுடன் கூட்டுறவிற் பங்குகொள்வதற்கு எழுத்தறிவும் பண்பாட்டு வளர்ச்சியும் இன்றியமையாதன என்றும் அதற்கு ஒரு முழு வரலாற்றுக் காலம் வேண்டும் என்றும் வலியுறுத்தினார். இம்மூன்றையும் இணைத்து நோக்குமிடத்து, அன்ரிகொனிஷின் படிப்பு வட்டம் லெனின் சுட்டிய தேவையை ஓரளவு நிறைவேற்றியதெனவும், மார்க்ஸ் சுட்டிய எல்லையை அது தாண்டவில்லையெனவும் கூறலாம்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்திலும் அதன் பின்னரும் படிப்பு வட்டங்கள் தேய்ந்தன. போர்ச் சேவையும் வேலைவாய்ப்பும் நகர்ப்பெயர்வும் மக்களை அடுக்களை வட்டத்திலிருந்து பிரித்தன. விரிவாக்கத் துறை வானொலிக்கு முக்கியத்துவம் அளித்தது. சங்கங்களோ அழியவில்லை, வளர்ந்தன. வளர்ந்த சங்கத்துக்கு முழுநேர முகாமையாளரும் எழுதுவினைஞரும் தேவைப்பட்டனர். கணக்கு மீண்டும் அறிந்தோரின் மேசைக்குச் சென்றது. இம்முறை அம்மேசை வணிகருடையதன்று. சங்கத்தின் சொந்த ஊழியருடையது. ஆயினும் பொதுக்கூட்டத்தில் உறுப்பினர் வாசித்தறியாத ஐந்தொகைக்குக் கையுயர்த்தினர் என்ற அளவில் பழைய உறவின் சாயல் மீண்டது. சட்டப்படி உடைமை மாறவில்லை. நடைமுறையில் ஆளுகை மாறியது.

6

எமது நாட்டின் வரலாறு இதற்கு நேர்மாறான வரிசையில் அமைந்தது. 1911ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், முற்கூறிய இந்தியச் சட்டத்தின் வழியில் இலங்கையிற் கடன் கூட்டுறவுக்குச் சட்டவுரு அளித்தது. நிக்கல்சன் அறிக்கையின் ஒரு கிளை வங்காளம், பொஸ்ரன் வழியாக நோவா ஸ்கோஷியாவின் சுரங்கத் தொழிலாளரை அடைந்தது. மற்றொரு கிளை குடியேற்ற ஆட்சியின் அதிகாரிகள் வழியாக எமது கிராமங்களை அடைந்தது. அங்கே படிப்பு முதலிலும் சட்டம் அதன் பின்னும் வந்தன. இங்கே சட்டமும் பதிவாளரும் பரிசோதகரும் முதலில் வந்தனர். உறுப்பினர் கல்வி அவர்களைத் தொடர்ந்து, பலவேளைகளில் மிகப் பின்தங்கியே வந்தது. சங்கத்தை அரசாங்கத்தின் கிளையாகவே மக்கள் கருதியமைக்கு இவ்வரிசையே அடிப்படைக் காரணம்.

இவ்விரு வரலாறுகளும் 1968இற் சந்தித்தன. அவ்வாண்டில் இலங்கைக் கூட்டுறவு இயக்கத்தை ஆராய நியமிக்கப்பட்ட அரச ஆணைக்குழுவின் தலைவர் கலாநிதி அலெக்சாந்தர் லெயிட்லோ. அவர் புனித பிரான்சிஸ் சேவியர் பல்கலைக்கழக விரிவாக்கத் துறையிற் கோடி அடிகளாரின் கீழ்ப் பணியாற்றி உருவானவர். அன்ரிகொனிஷ் இயக்கத்தின் உலகளாவிய தாக்கம் பற்றி 1961இல் நூல் எழுதியவர். 1970இல் வெளிவந்த ஆணைக்குழுவின் அறிக்கை, சிறு சங்கங்கள் பொருளியல் வலுவற்றிருந்தமையைச் சுட்டி, அவை பெரிய சங்கங்களாக ஒன்றிணைதல் வேண்டும் என விதந்துரைத்தது.

அவ்வாண்டு மே மாதத்தில் இடதுசாரிக் கட்சிகளும் பங்குகொண்ட ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது. 1971இல் அவ்வரசாங்கம் ஆயிரக்கணக்கான சிறு சங்கங்களை நானூறுக்குங் குறைவான பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களாக ஒன்றிணைத்தது. பணிப்பாளர் சபைகளில் தெரிவுசெய்யப்பட்டோருடன் நியமிக்கப்பட்டோரும் அமர்ந்தனர். பங்கீட்டுக் காலத்தில் மக்களுக்கு உணவு வழங்கியமையில் அச்சங்கங்களின் சேவை மறுக்கத்தக்கதன்று. தனியார் வணிகத்தின் கொள்ளைக்கு எதிராக அவை ஓர் அரணாக நின்றன. ஆயின் ஒன்றிணைப்பு வந்த வேகத்தில் படிப்பு வரவில்லை. பெருஞ்சங்கத்தின் கிளை உறுப்பினருக்குச் சங்கத்தின் ஐந்தொகை, பழைய கம்பனிக் கடையின் ஏட்டைப் போலவே எட்டாத பொருளாயிற்று. அன்ரிகொனிஷிலிருந்து வந்த ஒருவரின் பெயர் தாங்கிய அறிக்கையிலிருந்து அளவு எடுத்துக்கொள்ளப்பட்டது. படிப்பு வட்டம் எடுத்துக்கொள்ளப்படவில்லை. இதில் முற்போக்குச் சக்திகளுக்கும் பொறுப்புண்டு என்பதை நாம் தயக்கமின்றி ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். அரசு மக்களின் சார்பாக ஆளுமாயின் மக்கள் ஆளக் கற்க வேண்டுவதில்லை என்ற எண்ணம், மார்க்ஸ் 1875இல் கண்டித்த எண்ணமேயன்றி மார்க்சியமன்று.

1978இல் கேகாலை மாவட்டத்தின் வல்கமக் கிராமத்தில் பி. ஏ. கிரிவந்தெனிய முதலானோர் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்களை மீளுயிர்ப்பிக்க முற்பட்டபோது, இவ்விடுபாடே அவர்கள் எதிர்கொண்ட பிரச்சினையாயிற்று. பின்னர் சணச என அறியப்பட்ட அவ்வியக்கம் சிறு கிராமச் சங்கத்தையே அடித்தளமாகக் கொண்டது. கனடியக் கூட்டுறவாளரின் உதவியையும் பெற்றது. காலப்போக்கில் தனக்கென ஒரு கல்வி வளாகத்தையும் அமைத்தது. சங்கம் கற்பிக்காமல் நிலைக்காது என்ற பாடம் அறுபது ஆண்டுகளின் பின்னர் இவ்வாறு மீளக் கற்கப்பட்டது.

7

இன்று கடன் கூட்டுறவு ஆளுகைக் கல்வி பல நாடுகளில் மாலை நேர, பகுதிநேர, தொலைக்கல்விப் படிப்புகளாக வளர்ந்துள்ளது. இம்மாற்றத்தின் இரு முகங்களையும் அயர்லாந்திற் காணலாம். அங்கு 1950களில் இயக்கத்தைத் தொடங்கியோருட் சிலர் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் மாலை நேரப் பட்டயப் படிப்பிற் சந்தித்தவர்கள். அவர்களோடு பாடசாலை ஆசிரியை நோரா ஹேர்லிஹியும் இணைந்து 1954இல் அமைத்த குழுவிலிருந்து 1958இல் முதற் சங்கங்கள் முளைத்தன. 1966இல் சட்டம் வந்தது. அவ்வகையில் அங்கும் படிப்பே முந்தியது. 2008இன் நிதி நெருக்கடிக்குப் பின்னர் 2012இல் இயற்றப்பட்ட சட்டமோ, பணிப்பாளர் சபைக்கும் முகாமைத்துவத்துக்கும் இடையிலான எல்லையை வரையறுத்து, ஊழியர் பணிப்பாளராதலைத் தடைசெய்து, மேற்பார்வைக் குழுவுக்குப் பதிலாகச் சபை மேற்பார்வைக் குழுவொன்றை ஏற்படுத்தியது. பதவி வகிப்போர் தகுதியும் நாணயமும் உடையோராதல் வேண்டும் என்ற ஒழுங்கும் நடைமுறைக்கு வந்தது. இதனால் ஊதியமற்ற தொண்டர்களும் சம்பளம் பெறும் ஊழியரும் தம் வேலைக்கு வெளியே ஆளுகையைக் கற்க வேண்டியவராயினர்.

இவ்வளர்ச்சியை வெறுமனே அதிகாரத்துவமாக்கம் என ஒதுக்குவது தவறாகும். நிதியுலகு சிக்கலடைந்துள்ளது, நட்டத்தை உறுப்பினரின் சேமிப்பே தாங்குகின்றது. ஒரு மீனவர் பகல் முழுதும் உழைத்துவிட்டு இரவில் ஐந்தொகையைக் கற்பது 1933இல் எத்துணை மதிப்புடையதாயிருந்ததோ, ஒரு பாடசாலை ஆசிரியை இன்று அதனைக் கற்பதும் அத்துணை மதிப்புடையது. ஆயின் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. படிப்பு வட்டத்திற் கற்றோர் உறுப்பினர். அவர்கள் கற்றது ஆள்வதற்காக. இன்றைய படிப்பிற் பெரும்பாலும் கற்போர் பணிப்பாளரும் ஊழியரும். அவர்கள் கற்பது ஒழுங்குபடுத்தும் அதிகாரிக்கு விடையிறுப்பதற்காகவும் ஆகும். மேலிருப்போர் மாத்திரம் சான்றிதழ் பெற்று, கீழிருப்போர் கையுயர்த்துவோராக நிற்பாராயின், கல்வியே புதியதொரு பிரிவினையின் கருவியாகிவிடும்.

ஆகவே எமது பல்கலைக்கழகங்களின் முன்னுள்ள பணி தெளிவானது. கூட்டுறவு பற்றிய பட்டயப் படிப்புகள் வேண்டும். அவை தமிழிலும் சிங்களத்திலும், வேலைசெய்வோர் வந்து கற்கும் நேரத்திலும் நடைபெறுதல் வேண்டும். அப்படிப்பை முடித்த ஒவ்வொருவரும் தம் கிராமச் சங்கத்தில் ஒரு படிப்பு வட்டத்தை அமைத்து நடத்துதல் அதன் இறுதித் தேர்வாகக் கொள்ளப்படலாம். பொதுக்கூட்டத்துக்கு இரு வாரங்களுக்கு முன்னர் ஐந்தொகை உறுப்பினர் கையை அடைந்து, கூட்டத்துக்கு முதல் வாரத்தில் அது வட்டந்தோறும் வாசிக்கப்படுமாயின், கையுயர்த்துவதற்கு முன் வினா எழும். வினா எழும் சங்கமே உறுப்பினரின் சங்கம். அதற்கப்பாற் சுரங்கத்தின் உடைமை, தோட்டத்தின் உடைமை, கடலின் உடைமை எனும் பெரிய வினாக்கள் உள்ளன. அவற்றைக் கடன் கூட்டுறவு தனித்து நின்று தீர்க்காது. எனினும் சிறிய பேரேட்டைத் தம் கையால் எழுதிப் பழகியோரே பெரிய பேரேட்டைத் திறந்துகாட்டுமாறு கேட்பர். றிசேவ் மைன்ஸின் சுரங்கத் தொழிலாளர் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் கற்றுத் தந்த பாடம் அதுவேயாகும்.